இறந்தவர் மீண்ட கதையும் வாசகர் தொடுத்த வழக்கும்

நேயர்களே, ஒரு நாவலைப் படித்து முடித்தவர், நன்று என்றோ தீது என்றோ ஒரு சொல் கூறிவிட்டு அதனை அலுமாரியில் வைத்துவிடலாம். ஒரே துப்பறிவாளரின் கதைகளைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வருபவரோ அவ்வளவில் அமைவதில்லை. அத்தகையவருக்குக் கதையில் வரும் மாந்தர் அயல்வீட்டாரைப் போன்றவர்கள். அவர்கள் எங்கே பிறந்தார்கள், யாரோடு பகைத்தார்கள், எதற்காகக் கண்ணீர் விட்டார்கள் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆசிரியர் அம்மாந்தருக்குத் தகாத ஒன்றைச் செய்துவிட்டார் என்று தோன்றுமிடத்து, வாசகர் வாயிலிருந்து வருவது வெறும் அபிப்பிராயமாக இராது, முறையீடாகவே இருக்கும்.

அத்தகைய முறையீடொன்று, 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நாவலொன்றைக் குறித்து எழுந்தது. நாவலின் பெயர் ‘புளோ பிளை’. எழுதியவர் பற்றீசியா கோண்வெல் என்னும் அமெரிக்க ஆசிரியை. வாசகர் கண்ட குறை யாது, அதில் நியாயம் எவ்வளவு என்று ஆராய்வது பயனுடையது. அந்த வழக்கு ஒரு கதையைப் பற்றியதாகத் தோன்றினும், சான்று என்பது யாது, ஒரு கூற்றை எப்பொழுது நம்பலாம் என்னும் பெரிய வினாவையும் அது தன்னுள்ளே கொண்டிருக்கிறது.

முதலில் அந்நூல்வரிசையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கோண்வெல் 1956ஆம் ஆண்டு பிறந்தவர். முதலிற் பத்திரிகை நிருபராயிருந்து, குற்றச்செய்திகளை எழுதிப் பழகினார். பின்னர் வேர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான றிச்மன்டில், தலைமைச் சட்ட வைத்தியரின் அலுவலகத்திற் சேர்ந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பணிபுரிந்தார். அவர் வைத்தியர் அல்லர். எழுத்துவேலையும் கணினிவேலையுமே அவருக்குரியன. ஆயினும் பிரேத பரிசோதனை எவ்வாறு நடக்கிறது, அறிக்கை எவ்வாறு எழுதப்படுகிறது, இறந்தவரின் உறவினர் வாயிலில் எவ்வாறு காத்து நிற்கின்றனர் என்பவற்றையெல்லாம் அங்கே கண்ணாரக் கண்டார்.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்தவரே வைத்தியர் கே ஸ்காப்பெற்றா. இலங்கையிற் சட்ட வைத்திய அதிகாரி என்று கூறப்படுபவர் ஆற்றும் கடமையையே, வேர்ஜீனியா மாநிலம் முழுவதற்கும் தலைமை வகித்து ஆற்றுபவராக ஆசிரியை அவரைப் படைத்தார். அப்பாத்திரத்திற்கு முன்மாதிரியாக இருந்தவர், அதே அலுவலகத்திற் பணியாற்றிய வைத்தியர் மார்செல்லா ஃபியெரோ. கதையிலே ஒரு பெண் அப்பதவியில் அமர்ந்த பின்னரே, 1994ஆம் ஆண்டில், ஃபியெரோ உண்மையில் அம்மாநிலத்தின் தலைமைச் சட்ட வைத்தியரானார். கற்பனை முன்னே சென்று வழிகாட்ட, உலகம் பின்னே சென்றது எனலாம்.

முதல் நாவலாகிய ‘போஸ்ட்மோட்டம்’ 1990இல் வெளிவந்தது. பதிப்பகங்கள் பல அதனை ஏற்க மறுத்திருந்தன. வெளிவந்தபின் அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலுமாக ஐந்து பரிசுகளை அது பெற்றது. 1987இல் றிச்மன்ட் நகரத்துப் பெண்களை நடுங்கவைத்த உண்மைக் கொலைகளின் நிழல் அந்நாவலிற் படிந்திருக்கிறது. அவ்வுண்மை வழக்கிற் குற்றவாளியை அகப்படுத்தியது, அக்காலத்திற் புதிதாக வந்திருந்த டி.என்.ஏ. சோதனையே.

அம்முதல் நூலைப் பற்றியே வாசகரிடையே ஒரு விவாதம் உண்டு. துப்பறியும் கதைக்கு இங்கிலாந்தில் ஓர் இலக்கணம் வகுத்திருந்தார்கள். றொனால்ட் நொக்ஸ் என்னும் பாதிரியார் 1929இல் பத்து விதிகளை எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப்பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. வாசகருக்கும் துப்பறிவாளருக்கும் நடக்கும் போட்டியில் இருவர் கையிலும் ஒரே சீட்டுக்கள் இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ‘போஸ்ட்மோட்டம்’ நாவலிலோ, கொலைஞன் கதைமாந்தருள் ஒருவனாக வாசகரோடு முன்னர்ப் பழகியவன் அல்லன். ‘இஃது அநீதி’ என்பது ஒரு சாரார் வாதம். ‘உண்மை வாழ்க்கையில் கொலைஞன் விருந்துமண்டபத்தில் அறிமுகமாகிக்கொண்டு வருவானா?’ என்பது மற்றைச் சாரார் மறுமொழி.

இரண்டாவது சாராரின் கூற்றில் ஓர் உண்மை உண்டு. பழைய துப்பறியும் கதையில் வினா ‘யார்?’ என்பது. சட்ட வைத்தியக் கதையில் வினா ‘இவ்வுடல் என்ன சொல்கிறது?’ என்பது. சந்தேகத்துக்குரிய ஆறு பேரை வரிசையாக நிறுத்தி அவருள் ஒருவரைச் சுட்டுதல் அங்கே முக்கியமன்று. உடலின்மேல் மின்னும் ஒரு துகள், கைகழுவும் சவர்க்காரத் தூளின் எச்சம் என்று தெரியவருகிறது. அத்துகளைப் பற்றிக்கொண்டு, அறியாதவன் ஒருவனை நோக்கிப் படிப்படியாகச் செல்வதே கதை. ஆகவே வாசகர் ஆசிரியையோடு புதிய உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டனர். குற்றவாளியை முன்கூட்டிக் காட்டாவிடினும் பொறுத்துக்கொள்வோம். ஆனால் சான்று மாத்திரம் பொய்யாதிருத்தல் வேண்டும். எழுதப்படாத அவ்வுடன்படிக்கையை மனத்திற் கொண்டாலன்றிப் பின்னெழுந்த முறையீட்டின் கடுமை விளங்காது.

ஆண்டுக்கொரு நூல் வந்தது. வாசகர் பெருகினர். முதல் நூலிற் பத்து வயதுச் சிறுமியாகத் தோன்றிய மருமகள் லூசி வளர்ந்து, கணினியில் வல்லவளாகி, ஹெலிகொப்டர் ஓட்டினாள். மரீனோ என்னும் முரட்டுப் பொலிஸ் அதிகாரி வைத்தியரோடு முதலிற் பகைத்துப் பின் நட்பானார். அமெரிக்க மத்திய புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த பென்ரன் வெஸ்லி, கொலைஞரின் உள்ளத்தை ஆராய்பவர், வைத்தியரின் அன்புக்குரியவரானார். 1994இல் வெளிவந்த ‘த பொடி ஃபாம்’ என்னும் நூலினாலே, ரெனஸி மாநிலத்தின் நொக்ஸ்வில் நகரில் இறந்த உடல்கள் இயற்கையில் எவ்வாறு சிதைகின்றன என்று ஆராயும் பல்கலைக்கழக நிலையம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அந்நிலையத்தின் வழக்குப்பெயரே கதையின் பெயராயிற்று.

பின்னர் 1998ஆம் ஆண்டில், ஒன்பதாவது நூலில், பென்ரன் கொல்லப்படுகிறார். தீயிற் கருகிய உடல் ஒன்று கிடைக்கிறது. நாள்தோறும் பிறர் துயரத்துக்கு விடை தேடிக் கொடுத்த வைத்தியர், தம் துயரத்துக்கு விடை காணாது தவிக்கிறார். அடுத்த நூலின் தொடக்கத்தில், இறந்தபின் கொடுக்கப்படவேண்டுமென்று பென்ரன் எழுதிவைத்திருந்த கடிதம் அவர் கைக்கு வருகிறது. அதற்கடுத்த நூலும் அத்துயரின் நிழலிலேயே நடக்கிறது. ஐந்து ஆண்டுகள் வாசகரும் அவரோடு துக்கம் காத்தனர் என்றால் மிகையாகாது.

இந்நிலையிலேதான் 2003இல், பன்னிரண்டாவது நூலாக, ‘புளோ பிளை’ வந்தது. அதில் பென்ரன் உயிரோடிருக்கிறார். பெருங்குற்றக் கும்பலொன்றின் பகையிலிருந்து காப்பதற்காக அவரது மரணம் நடிக்கப்பட்டதாம். மரீனோவும் லூசியும் அதனை அறிந்திருந்தனராம். அறியாதவர் வைத்தியர் ஒருவரே.

வாசகரின் முறையீடுகள் பலவகைப்பட்டன. அவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது, குரலைப் பற்றியது. அதுவரை வந்த பதினொரு நூல்களிலும் வைத்தியரே தம் கதையைச் சொன்னார். அவர் கண்ட அளவே வாசகர் கண்டனர். அவர் அறியாததை வாசகரும் அறியார். பன்னிரண்டாம் நூலில் ஆசிரியை தாமே நின்று கதை சொல்லத் தொடங்கினார். கொலைஞனின் உள்ளத்துக்குள்ளும் வாசகரை அழைத்துச் சென்றார். நெடுநாள் நண்பர் ஒருவர் திடீரெனப் பேசாமலிருக்க, வேறொருவர் அவருக்காகப் பேசுவதுபோல் இருந்தது என்பது குறை.

இரண்டாவது, காலத்தைப் பற்றியது. வைத்தியரின் வயது கணக்குப்படி ஏறாமல், பின்னோக்கி நகர்த்தப்பட்டிருந்தது. முந்திய நூல்களை வரிசையாகப் படித்தவர் விரல்விட்டு எண்ணி அதனைக் கண்டுகொண்டனர்.

மூன்றாவது, பொருளைப் பற்றியது. ஆய்வுமேசையும் நுண்ணோக்கியும் பின்னே தள்ளப்பட்டன. தனிப்பட்ட பூசல்களும் பழைய பகைகளும் முன்னே வந்தன. மேலும், அத்துணை நாள் பிரிந்திருந்த இருவரின் சந்திப்பு நூலின் இறுதியில் வந்து மிகச் சுருக்கமாக முடிந்துவிடுகிறது. மாதக்கணக்காகச் சமைத்து, ஒரு கவளம் பரிமாறியது போலாயிற்று என்று வாசகர் வருந்தினர்.

நான்காவதே தலையாயது. எரிந்த உடலை இன்னாரென்று அறிவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் அன்புக்குரியவர் விடயத்தில் ஏமாந்தது எங்ஙனம்? வேறு எவருக்கும் இத்தகைய வஞ்சனையைச் செய்யலாம். இவருக்குச் செய்ய இயலுமா? அவர் ஏமாந்தார் என்றால், முந்திய நூல்களில் அவர் கூறிய முடிவுகளை எவ்வாறு நம்புவது?

இனி எதிர்வாதத்தையும் கேட்பது முறை. ஆசிரியையின் பக்கம் நின்ற வாசகரும் பலர். துயரம் கண்ணை மறைக்கும்; பிறர் உடலில் நுண்மையைக் காண்பவர் தம்முடையவர் உடலை நெருங்கியும் பாராமலிருக்கக்கூடும் என்றார்கள். நெருங்கியவரே வஞ்சித்தனர் என்பது கதைக்குப் புதிய வேதனையைத் தருகிறது என்றார்கள். ஒரே அச்சில் ஆண்டுதோறும் நூல் வார்க்கும்படி எழுத்தாளரை வற்புறுத்துதல் கொடுமை என்றும் சொன்னார்கள். இவை தள்ளத்தக்கன அல்ல.

இறந்தவர் மீள்வது துப்பறியும் இலக்கியத்துக்குப் புதிதுமன்று. கொனன் டொயில் 1893ஆம் ஆண்டில் ஷேர்லொக் ஹோம்ஸைச் சுவிற்சர்லாந்து நாட்டு நீர்வீழ்ச்சியொன்றில் மடியச் செய்தார். தம் வேறு நூல்களுக்கு அப்பாத்திரம் இடையூறாயிருக்கிறது என்பது அவர் மனக்குறை. வாசகர் பொறுக்கவில்லை. பத்து ஆண்டுகளின் பின், 1903இல், ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். அவருடைய நண்பர் வாட்சனும் மூன்று ஆண்டுகள் வஞ்சிக்கப்பட்டிருந்தவரே. ஹோம்ஸைக் கண்டதும் அவர் மயங்கி விழுந்தார். ஆயினும் வாசகர் அதனை விழாவாகக் கொண்டாடினர்.

ஒன்றை வரவேற்ற வாசகருலகம் மற்றொன்றை வெறுத்தது ஏன்? விடை சான்றிலே இருக்கிறது. நீர்வீழ்ச்சியின் ஓரத்தில் வாட்சன் கண்டவை எவை? விளிம்பை நோக்கிச் செல்லும் இருவரின் அடிச்சுவடுகள், திரும்பி வரும் சுவடு ஒன்றுமில்லை, ஒரு கைத்தடி, ஒரு கடிதம். உடலை எவரும் காணவில்லை. வாட்சன் செய்தது ஓர் அனுமானம். அனுமானம் பிழைக்கலாம். பென்ரன் விடயத்திலோ உடல் கிடைத்தது. கதையை நடத்துபவரும் உடலைப் படிப்பதில் வல்லவர். ஹோம்ஸ் மீண்டபோது வாட்சனின் ஊகம் ஒன்றுதான் பொய்த்தது. பென்ரன் மீண்டபோது வைத்தியரின் கலை முழுவதும் ஐயத்துக்குள்ளாயிற்று.

நூலின் பெயரே இதற்குச் சாட்சி சொல்கிறது. ‘புளோ பிளை’ என்பது நீலமும் பச்சையுமாக மினுங்கும் பெரிய இலையான். உயிர் நீங்கிய உடலை முதன்முதல் நாடி வருவனவற்றுள் அதுவும் ஒன்று. அது இடும் முட்டை புழுவாகி, புழு கூடாகி, கூடு இலையானாக மாறுவதற்கு ஒவ்வொரு வெப்பநிலையிலும் இன்ன காலம் செல்லும் என்று அறிவியலார் கணித்துள்ளனர். ஆதலால் உடலிலுள்ள புழுவின் பருவத்தைக் கொண்டு இறந்த காலத்தை மதிப்பிடலாம். இவ்வறிவு மிகப் பழையது. சீன நாட்டு நீதியதிகாரி சுங் சி என்பார் 1247இல் எழுதிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. கிராமமொன்றில் அரிவாளால் ஒருவன் கொல்லப்பட்டான். விசாரணையதிகாரி ஊராரின் அரிவாள்களையெல்லாம் வெயிலில் வரிசையாக வைக்கச் செய்தார். கழுவித் துடைத்திருந்தும், ஓர் அரிவாளை மாத்திரம் இலையான்கள் மொய்த்தன. அதற்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இலையானுக்கு ஒருவரிடமும் பகையில்லை. ஒருவருக்காகவும் அது பொய் சொல்வதில்லை. சட்ட வைத்தியக் கதையின் கவர்ச்சி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. மனிதர் பொய் கூறும் உலகில், கூறாத ஒன்று இருக்கிறது என்னும் ஆறுதலை அக்கதை தருகிறது. அந்த ஆறுதலை நாடிப் பன்னிரண்டாம் நூலைத் திறந்தவர், அந்தப் பெயர் தாங்கிய நூலிலேயே, சான்று நடிக்கப்பட்டது என்று படித்தனர். அவர்கள் மனம் புண்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் நேயர்களே, இவ்வழக்கில் கவனிக்கத்தக்க வேறொன்று உண்டு. வாசகர் இக்குறையைக் காணக் கற்றது யாரிடம்? ஒரு கூற்றை அதன் இனிமைக்காக ஏற்காதே. உடலைப் பார், நாளைக் கணக்கிடு, முந்திய அறிக்கையோடு ஒப்பிடு என்று பதினொரு நூல்களில் அவர்களுக்குப் போதித்தவர் ஆசிரியையே. அவர்கள் வைத்தியரின் வயதை எண்ணினர். பழைய நூலைத் திறந்து மரணக்காட்சியை மீண்டும் படித்தனர். புதிய விளக்கத்தோடு பொருத்திப் பார்த்தனர். பொருந்தவில்லை என்று தீர்ப்புக் கூறினர். ஆசிரியை கற்பித்த பாடத்தை மாணாக்கர் அவருக்கே ஒப்புவித்தனர். நல்ல மாணாக்கரைப் பெற்ற எந்த ஆசிரியருக்கும் இத்தகைய நாள் ஒன்று வந்தே தீரும். அந்நாளில் உள்ளம் வருந்தினாலும், உள்ளத்தின் ஒரு மூலையில் மகிழ்ச்சியும் இருக்கத்தான் செய்யும்.

இந்தப் பயிற்சி கதையோடு நின்றுவிடுவதுமன்று. சட்ட வைத்தியக் கதைகளைப் படித்தவர் சிலர், அறிவியல் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று எண்ணிவிடுகின்றனர். அது பெரும் ஆபத்து. அமெரிக்க நீதிமன்றங்களில் நெடுங்காலமாக, குற்றம் நடந்த இடத்திற் கிடைத்த மயிரை நுண்ணோக்கியில் வைத்து, இன்னாருடையதை ஒத்தது என்று நிபுணர் சாட்சி கூறினர். 2015ஆம் ஆண்டில் மத்திய புலனாய்வுப் பிரிவு தன் நிபுணரின் பழைய சாட்சியங்களை மீளாய்வு செய்தது. எதிரிக்குப் பாதகமாக அச்சாட்சியம் பயன்பட்டனவாக அதுவரை ஆராயப்பட்ட 268 வழக்குகளில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் நிபுணர் அறிவியல் அனுமதிக்கும் எல்லையைக் கடந்து பேசியிருந்தனர் என்று தெரியவந்தது. மரணதண்டனை விதிக்கப்பட்ட வழக்குகளும் அவற்றுள் இருந்தன. அந்த நிபுணர் முன்னே அமர்ந்திருந்த யூரிமாருள் ஒருவராவது, பென்ரனின் மரணத்தை ஐயுற்ற வாசகரைப்போல, ‘இது எங்ஙனம் தெரியும்?’ என்று கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

சட்ட வைத்தியக் கதையின் முன்னோடிகளும் இந்த ஐயத்தையே கற்பித்தனர். தாமும் வைத்தியராயிருந்த ஒஸ்ரின் ஃபிறீமன் என்பார் 1907இல் எழுதிய ‘த றெட் தம் மார்க்’ என்னும் நாவலில், வைத்தியர் தோண்டைக் நிறுவுவது யாது? கைரேகையையும் போலியாகச் செய்யலாம் என்பதே. கைரேகைச் சான்றை நீதிமன்றங்கள் ஏற்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. உலகம் ஒரு புதிய சான்றை வியந்து நோக்கிக்கொண்டிருந்தபோது, கதாசிரியர் ஒருவர் ‘பொறுங்கள்’ என்றார்.

ஆகவே தீர்ப்பு யாது? குரலை மாற்றியதற்காகவும், கதையை ஆய்வுமேசையிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றதற்காகவும் ஆசிரியையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் தகாது. அவை எழுத்தாளரின் உரிமை. பிடியாதவர் நூலை மூடிவைக்கலாம். சான்றைப் பற்றிய முறையீட்டில் மாத்திரம் வாசகர் பக்கமே நியாயம் நிற்கிறது. எந்த அத்திவாரத்தின்மேல் வீடு கட்டப்பட்டதோ, அந்த அத்திவாரத்தைக் கதையின் வசதிக்காகத் தோண்டுதல் ஆகாது.

வழக்குத் தொடுத்தவர் பின்னர் என்ன செய்தனர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். அவருட் பலர் அடுத்த நூல் வந்ததும் அதனையும் வாங்கினர். 2010இல் வெளிவந்த ‘போர்ட் மோர்ச்சுவரி’ என்னும் நூலில் வைத்தியர் மறுபடியும் தம் வாயாலேயே கதை சொல்லத் தொடங்கியபோது மகிழ்ந்தனர். 2016ஆம் ஆண்டின் பின் நூல்வரிசை சில ஆண்டுகள் நின்றது. 2021இல் இருபத்தைந்தாவது நூலோடு மீண்டும் தொடர்ந்தபோது, பழைய குறைகளையெல்லாம் மறவாமலே திரும்பி வந்தனர். வீட்டுப் பெரியவரோடு நாளெல்லாம் வாதாடியவர், மாலையில் அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதில்லையா? அதுபோன்றதே இவ்வுறவும்.

படித்ததை மறவாத வாசகரும், அவருக்கு விடை கூறக் கடமைப்பட்ட எழுத்தாளரும் ஒருவரையொருவர் கண்காணித்து நிற்குமளவும் கதை பிழைக்கும். நூலைப் படித்துவிட்டு ‘இது எங்ஙனம் தெரியும்?’ என்று கேட்கப் பழகியவர், நாளைக்கு ஒரு வதந்தியைக் கேட்கும்போதும் அவ்வாறே கேட்பார். சாட்சிக்கூண்டில் ஒருவர் உறுதியோடு பேசும்போதும் அவ்வாறே கேட்பார். பொழுதுபோக்குக்காகப் படித்த கதை அவருக்கு அந்த ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அவர் செலவிட்ட பொழுது வீணாகவில்லை.